போனவர்களின் கவிதை, இருப்பவர்களின் தமிழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கவிதை படிக்கிறோம். ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதியது, துரத்தப்பட்டவர்கள் எழுதியது, அவர்கள் பிள்ளைகள் எழுதியது. வேற்றுமொழியில் இருந்தால் தமிழாக்கிப் பார்ப்போம். தமிழில் இருந்தால் அதன் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். பதில்கள் என்னுடையவை. குழுவில் பாதிப் பேர் சில இடங்களில் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு புலம்பெயர்ந்தவர்களின் கவிதை எதற்கு?

போனவர்களில் நிறையப் பேர் இங்கிருந்து போனவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தாத்தாக்களை நினைவில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கிட்ட ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தும் முடிந்தது. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1853-இல் கரீபியன் கடலில் அவர்கள் வசமிருந்த மார்ட்டினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் போய்ச் சேரத் தொடங்கின. இன்றைக்குக் கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்கிறார்கள். மன்னார்குடிப் பக்கமோ மயிலாடுதுறைப் பக்கமோ ஒரு தெருவில் நாலு கதவைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது ஆள் வளைகுடாவில் இருப்பார்.

ஆக, இந்தக் கவிதைகளில் 'அங்கே' என்று வருகிற இடம் பல சமயம் நாம் உட்கார்ந்திருக்கிற இடம். படிப்பதற்கு அது ஒரு காரணம். சரியாகப் படிக்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

'புலம்பெயர்' என்பது பத்திரிகைக்காரர்கள் உண்டாக்கிய சொல்தானே?

இல்லை, நம் ஊர்ச் சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து இடம்மாறி வந்தவர்கள் கலந்து இனிமையாக வாழும் ஊர். கவனியுங்கள்: இங்கே புலம்பெயர்ந்தவர்கள் நாம் அல்ல. அவர்கள் வந்தார்கள், நாம் இருந்தோம். அன்றைக்குப் பூம்புகார்தான் டொராண்டோ.

இதற்கு ஒரு ஜோடிச் சொல் உண்டு. குறுந்தொகை 11-இல் மாமூலனாரின் தலைவி தன் நெஞ்சோடு பேசுகிறாள்: 'மொழிபெயர் தேஎத்தர் ஆயினும் வழிபடல் சூழ்ந்திசின் அவருடை நாட்டே.' மொழி மாறிப்போகிற தேசத்தில் அவர் இருந்தாலும் சரி, பின்னாலேயே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். 'மொழிபெயர்' என்பது அங்கே நிலத்துக்கு அடைமொழி. வடக்கே போகப் போக ஒரு கட்டத்தில் பேச்சு மாறிவிடும், அந்த இடம். பிற்பாடு நாம் அதே சொற்களை வைத்துத்தான் மொழிபெயர்ப்பு என்கிறோம். ஆள் பெயர்வதற்கும் மொழி பெயர்வதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். எங்கள் குழுவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டினப்பாலை உள்ளிட்ட பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சில் கொண்டுவந்தபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். நாங்கள் கூடும் மாடியிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

ஈழக் கவிதை தமிழில்தானே இருக்கிறது? அதை ஏன் மொழிபெயர்ப்பு வரிசையில் வைத்திருக்கிறீர்கள்?

முதல் ஆண்டு எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. அப்புறம் ஒருநாள் ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்தபோது 'ஒழுங்கை' என்று வந்தது. எங்களில் மூன்று பேர் அதை ஒழுங்கு, நேர்த்தி என்று புரிந்துகொண்டோம். அது சந்து. கிடுகு என்றால் நம் கீற்று. படலை என்றால் வேலியில் இருக்கும் கதவு. வடலி என்றால் இளம்பனை. 'கதைத்தோம்' என்றால் பேசினோம். நம் பக்கம் கதை விடுவதோடு போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்தால் அங்கே எல்லாம் வழவழவென்று ஓடுகிறது. இங்கிலாந்து வாசகருக்கு இல்லாத தடுக்கல் நமக்கு இருக்கிறது. அந்தத் தடுக்கலைப் போக்குவதற்காகச் சொல்லை மாற்றிவிடக் கூடாது என்பது என் கட்சி. வேதாரண்யத்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவருக்கு இதில் பாதிச் சொல் பழக்கம். கோடிக்கரையிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு யாழ்ப்பாணம் தஞ்சாவூரைவிடப் பக்கம். 2023 அக்டோபரில் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டபோது நாங்கள் எல்லாரும் அதைச் செய்தியாகப் படித்தோம், அவர் மட்டும் 'மறுபடி விட்டுட்டாங்களா' என்று கேட்டார்.

தொடங்குவதற்கு 1985-இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பைச் சொல்வேன். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட பிறகு எழுந்த குரல்கள் பலவற்றை அங்கே கேட்கலாம். ஈழக் கவிஞர் சேரனின் கவிதைகளை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோனார் என்று வரி வரியாகப் பார்ப்பது மொழிபெயர்ப்புப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். 2016-இல் ஹோம்ஸ்ட்ராம் மறைந்தபோது எங்கள் குழுவே கிடையாது. இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டிருப்பேன்.

எப்படிப் பார்த்தாலும் இதெல்லாம் ஊர் நினைப்பில் அழுகிற கவிதைதானே?

இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வங்காளத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஒருவரின் கவிதையை ஆங்கிலம் வழியாகத் தமிழில் போட்டேன். மூலத்தில் மழை பெய்கிறது, அவ்வளவுதான். நான் 'மண்வாசனை கிளம்புகிறது' என்று எழுதியிருந்தேன். யார் கேட்டார்கள் மண்வாசனையை? அவர் நிற்பது சிமென்ட் தளம். படித்துக் காட்டியதும் குழுவில் ஒருவர், ஷார்ஜாவில் 22 ஆண்டு இருந்து திரும்பியவர், சொன்னார்: "தம்பி, அங்க இருந்தப்ப எனக்கு ஊர் ஞாபகம் வந்ததவிட, இங்க வந்தப்பறம் அங்கத்து ஞாபகம்தான் ஜாஸ்தி. அதை எந்தக் கவிதையில எழுதுவீங்க?"

அன்றிலிருந்து யோசிக்கிறேன். போனவரைப் பற்றி இருப்பவர் எழுதும்போது, போனவர் தன்னை நினைத்து ஏங்குவதாகத்தான் எழுதுவார். மொழிபெயர்க்கும்போதும் அதையே செய்கிறோம். மூலத்தில் கோபம் இருந்தால் அது தமிழில் சோகமாகிவிடுகிறது. சலிப்பு இருந்தால் ஏக்கமாகிவிடுகிறது. விடுதலை உணர்ச்சி இருந்தால் (இருக்கிறது, நிறைய இருக்கிறது, பெண்கள் எழுதியவற்றில் முக்கியமாக) அது காணாமலே போய்விடுகிறது. குழுவில் இப்போது சில சொற்களுக்குத் தடை: மண்வாசனை, தொப்புள்கொடி, வேர். மூலத்தில் அதே பொருளில் ஒரு சொல் இருந்தாலொழிய உள்ளே விடுவதில்லை.

பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை' இதற்கு நல்ல மருந்து. 1960-களில் எழுதியது. அதிகாரி முன்னால் நிற்கும் ஒருவன், 'எழுதிக்கொள், நான் அரபி' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அழுகையே இல்லை. இதில் எங்களுக்கு ஒரு முழு ஞாயிறு போனது 'எழுதிக்கொள்' என்ற ஒரே சொல்லுக்கு. அரபியில் அது ஒருமை ஏவல். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் மேசை முன்னால் நிற்கிறவர் 'எழுதிக்கங்க சார்' என்றுதான் சொல்வார், எவ்வளவு கோபம் இருந்தாலும். 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று போட்டால் கவிதை கைகட்டி நிற்கிறது. 'எழுதுடா' என்றால் சினிமா. கடைசியில் ஒருமையையே வைத்துக்கொண்டோம். இலங்கையின் எம்.ஏ.நுஃமான் 1981-லேயே பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தொகுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பது சரியா?

வேறு வழி இல்லாதபோது சரி. ஆனால் எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். வங்கதேசத் தொழிலாளியாகச் சிங்கப்பூர் வந்த முகுல் ஹுசைனின் 'மீ மைக்ரன்ட்' 2016-இல் வந்தது. வங்காளியில் எழுதியதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைச் சிரில் வோங் என்ற சிங்கப்பூர்க் கவிஞர் கவிதையாகத் திரும்ப எழுதியிருக்கிறார். அதை நாம் தமிழில் போட்டால் யாருடைய கவிதை? எனக்கு இன்னும் விடை இல்லை.

மூலமொழி தெரிந்த ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதுதான் உத்தமம். டெல்டாவில் இது நினைப்பதைவிட எளிது. மதரஸாவில் அரபி படித்தவர்கள் நாகூரில் இருக்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அரபியில் 'பைத்' என்றால் வீடு, கவிதையின் அடியும் பைத். வீட்டை இழந்த கவிஞர்களுக்கு அந்த இரட்டைப் பொருள் எவ்வளவு வசதி என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அது போய்விடுகிறது. நாகூர்க்காரர் ஒருவரிடம் கேட்டபோது, "எங்க வீட்டுல பைத்து ஓதுவாங்களே" என்றார். பாட்டு என்ற பாதிப் பொருள் இந்தக் கடற்கரைத் தமிழில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீடு என்ற மறுபாதிதான் கப்பலிலிருந்து இறங்கவில்லை. அவரிடமிருந்தே 'சபராளி' என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டேன். சபர் என்றால் பயணம், சபராளி என்றால் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர். 'புலம்பெயர் தொழிலாளர்' என்று ஆறேழு இடத்தில் எழுதிக் களைத்துப்போகிறவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஊரும் பொருந்தினால்.

மொழிபெயர்ப்பை நாற்று பறித்து நடுவதோடு ஒப்பிடாமல் டெல்டாவில் ஒரு கூட்டம் முடியாது. எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒன்று உண்மை. நட்ட நாற்று சில நாள் வெளுத்துச் சோர்ந்து கிடந்துதான் பச்சை பிடிக்கும். முதல் வரைவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

'கூலி' பற்றி நீங்கள் அடிக்கடி சண்டை போடுவதாகக் கேள்விப்பட்டோமே?

ஆமாம், இன்னும் முடியவில்லை. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி பிரெஞ்சில் எழுதுகிறவர். 1992-இல் வந்த தன் கவிதை நூலில் 'கூலித்யூத்' என்றொரு சொல்லை உண்டாக்கினார். மார்ட்டினிக்கின் கவிஞர் எமே சேசேர், கறுப்பர்களை ஏசும் 'நெக்ர்' என்ற வசைச் சொல்லை எடுத்து 'நெக்ரித்யூத்' என்று பெருமையாக மாட்டிக்கொண்டாரே, அதன் வழியில். தோட்டங்களுக்குக் கப்பலில் போனவர்களின் வாழ்வு, நினைவு, கலப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லின் முதல் பாதி நம்முடையது என்கிறார்கள். குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எது சரியாக இருந்தாலும் தமிழ்க் காதுக்கு அது கூலிதான். 'கூலித்தனம்' என்று ஒருவர் போட்டார். அடிமைத்தனம், கஞ்சத்தனம் வரிசையில் போய் நின்றுகொண்டது. 'கூலித்துவம்' கட்சித் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. 'கூலிமை' என்று நான் சொன்னதற்கு, "அது என்ன, கண் மையா?" என்று கேட்டார்கள்.

இதில் எனக்குப் புரிந்தது வேறொன்று. நம் வயல்களில் கூலி என்பது கொடுக்கிற பணம் அல்லது நெல். நடவுக் கூலி, அறுப்புக் கூலி. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் கூலியாள், கூலிக்காரர். கடல் தாண்டியதும் சம்பளத்தின் பெயர் மனிதனின் பெயராகிவிட்டது. ஆளுக்குப் பதிலாகக் கூலியைக் கப்பலில் ஏற்றிக் கணக்கெழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு வாசகருக்கு இந்த வழுக்கல் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் இப்போதைக்குச் சொல்லை அப்படியே 'கூலித்யூத்' என்று விட்டுவிட்டு, கவிதைக்குள் வரும் இடங்களில் கூலி என்பதற்கும் ஆள் என்பதற்கும் உள்ள இடைவெளியைத் தெரிய வைக்க முயல்கிறோம்.

சேசேரின் 1939 நெடுங்கவிதையில், ஒடுக்கப்பட்டவர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் 'கல்கத்தா இந்து மனிதன்' என்று வரும். அவர் பிறந்த பாஸ்-புவாந்த் பகுதியிலேயே நம் பக்கத்திலிருந்து போனவர்களின் வம்சாவளியினர் இருந்தார்கள். காரைக்கால் நண்பர் ஒருவர் மனம் நொந்து, "காரைக்கால்னு மாத்திப் போட்டா என்ன?" என்று கேட்டார். மாற்ற முடியாது. அந்த வரியில் நம் ஊர் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

நாட்டுப்பாடல்களும் இதில் சேருமா?

கட்டாயம். எழுதத் தெரியாதவர்கள் போன காலத்தில் பாட்டுத்தான் கவிதை. இலங்கை மலையகத்தின் பழைய பாட்டு ஒன்றில் 'கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்' என்று வரும். கோப்பி என்றால் காப்பி. 1869-இல் இலைநோய் தாக்கிக் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வருவதற்கு முந்தைய நினைவு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'அண்ணனைத் தோத்த' என்பதை ஆங்கிலத்தில் இழந்த என்று சொல்லிவிடலாம். ஆனால் தோற்பது சூதாட்டத்தில், வழக்கில். எதிரில் ஒருவன் ஜெயித்திருக்க வேண்டும். யார் ஜெயித்தது என்று பாட்டு சொல்லவில்லை. இதற்கு நான் பார்த்த எந்த ஆங்கில வரியும் எனக்குத் திருப்தி தரவில்லை.

எதிர்த்திசையில் ஓர் ஆச்சரியம்: மலையகத்தின் சி.வி.வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தன் நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தி பாலையா அதைத் தமிழாக்கினார். 1947-இல் நாடாளுமன்றம் போன வேலுப்பிள்ளையின் மலையக மக்கள் அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள்.

ஆங்கிலத்தின் 'ஹோம்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது?

வர்சன் ஷைர் சோமாலியக் குடும்பத்தில் பிறந்த பிரிட்டிஷ் கவிஞர். அது சுறாவின் வாயாக மாறினாலொழிய யாரும் அதைவிட்டுப் போவதில்லை என்று தொடங்கும் அவர் கவிதையின் பெயரே 'ஹோம்'. வீடு என்று போட்டால், 'வீட்டை விட்டுப் போனாள்' என்பது நமக்கு வேறு கதை. திருக்குறள் படித்தவர்களுக்கு வீடுபேறும் குறுக்கே வரும். ஊர் என்று போட்டால் சுறாவின் வாய்க்குப் பக்கத்தில் 'ஊர் வாய்' வந்து நிற்கும், வம்பு பேசும். தாயகம் என்றால் மேடை. எங்கள் வரைவில் ஊர் இருக்கிறது. நாகை மீனவர் குடும்பத்துப் பெண் ஒருவர் அதைப் படித்துவிட்டு, சுறா பற்றி அந்தக் கவிஞருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

'யாதும் ஊரே' பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவிடுகிறார்கள்.

மொழிபெயர்க்க அனுமதி வேண்டுமா?

நாலு பேர் கூடிப் படிக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. அச்சிடவோ இணையத்தில் போடவோ வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. தர்வீஷும் சேசேரும் இறந்தது 2008-இல், ஆகவே 2068 முடியும்வரை காத்திருக்க வேண்டும் அல்லது கடிதம் போட வேண்டும். ஈழத்துப் பழைய தொகுப்புகள் பல 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

எனக்குக் கவிதை எழுத வராது, வேறு மொழியும் தெரியாது. வரலாமா?

வாருங்கள். வீட்டுப் பரணில் பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த பழைய கடிதம் இருந்தால் எடுத்து வாருங்கள். ஏரோகிராமாக இருந்தால் மடிப்பில் கிழியாமல் பிரித்துப் படிக்க எங்களிடம் பொறுமைசாலி ஒருவர் இருக்கிறார். போன மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அம்மா ஒருவர், தன் மாமனார் 1960-களில் கிள்ளானிலிருந்து எழுதியதைக் கொண்டுவந்தார். ஒன்றரைப் பக்கம். பாதிக்கு மேல் மணியார்டர் கணக்கு. ஊர் நினைப்பாக இருக்கிறது என்று ஒரு வரி இல்லை, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. கடைசியில், ஓரத்தில் நெருக்கி: 'மேட்டூர் திறந்தாச்சா. கடைமடைக்குத் தண்ணி எட்டிச்சா.'

அதை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தோம். மேட்டூரை அப்படியே வைத்துக்கொண்டோம். கடைமடையில் நின்றுவிட்டது, அடுத்த ஞாயிறு தொடர்கிறோம். மாடியில் மின்விசிறி ஒன்றுதான், விசிறி கொண்டுவந்தால் நல்லது.